கம்பெனி திவாலானால் ரேடியோ ஸ்டேஷன் என்ன ஆகும்?

2023 பிப்ரவரியில், 92.7 பிக் எஃப்.எம். வானொலியை நடத்திவந்த ரிலையன்ஸ் பிராட்காஸ்ட் நெட்வொர்க் நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கையைத் தொடங்கச் சொல்லி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு உத்தரவிட்டது. சென்னை உட்பட நாடு முழுக்க 58 நிலையங்கள் அந்த ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. மறுநாள் காலை ஆட்டோவில் போனவர்களுக்கோ சமையலறையில் ரேடியோவைத் திருகியவர்களுக்கோ ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. அதே பாட்டு, அதே விளம்பரம், அதே குரல்.

துணிக்கடை நொடித்துப்போனால் ஷட்டர் இறங்கிவிடும். விமான நிறுவனம் நொடித்தால் விமானங்கள் தரையில் நின்றுவிடும். ஜெட் ஏர்வேஸும் கோ ஃபர்ஸ்ட்டும் அப்படித்தான் நின்றன. ரேடியோ கம்பெனி நொடித்தால் மட்டும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படி? எத்தனை நாளைக்கு? அதன்பிறகு அந்த ஸ்டேஷன் யாருக்குப் போகும்? வணிகச் செய்திகளில் இரண்டு பத்தியில் முடிந்துவிடும் இந்த விஷயத்தை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஸ்டேஷன் என்ற ஒற்றைச் சொல்லுக்குள்

நாம் ஸ்டேஷன் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். கணக்குப் புத்தகத்திலும் சட்டத்திலும் அது நாலு தனித்தனிப் பொருள்: அலைவரிசையைப் பயன்படுத்தும் அனுமதி, கருவிகள், பெயர், ஆட்கள். கம்பெனி விழும்போது இந்த நாலும் ஒரே பக்கம் விழுவதில்லை. மீதிக் கதை முழுவதும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் அலைவரிசை. 92.7 என்றால் 92.7 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 9 கோடியே 27 லட்சம் முறை அதிரும் அலை. இதை யாரும் சொந்தமாக வாங்க முடியாது. அலைக்கற்றை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல், வங்காள கிரிக்கெட் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. தனியார் நிறுவனம் ஏலத்தில் எடுப்பது, குறிப்பிட்ட ஊரில் குறிப்பிட்ட எண்ணில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒலிபரப்பிக்கொள்ளலாம் என்ற அனுமதியை மட்டுமே. இப்போதைய விதிப்படி அது 15 ஆண்டு. குத்தகை நிலத்தில் பயிர் வைப்பது மாதிரி. விளைச்சல் உங்களுடையது, நிலம் உங்களுடையதல்ல.

அடுத்தது கருவிகள். ஸ்டேஷன் என்றதும் பெரிய கோபுரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தியாவின் பெரும்பாலான ஊர்களில் தனியார் எஃப்.எம்.களுக்கு என்று தனிக் கோபுரம் கிடையாது. ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதியின் கோபுரத்திலோ பொதுவாக அமைத்த கோபுரத்திலோதான் எல்லோரும் ஏறியாக வேண்டும். அந்த வளாகத்துக்குள் போனால் ஒரு விசித்திரமான காட்சி. காலையிலிருந்து இரவு வரை ஒரே நேயரைப் பிடிக்கப் போட்டி போடுகிற நாலைந்து நிலையங்களின் டிரான்ஸ்மிட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில், ஆளுயர பீரோக்களைப் போல வரிசையாக நின்று சூடாக முனகிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலிருந்தும் தடித்த கேபிள் கிளம்பி ‘கம்பைனர்’ என்ற கருவியில் போய்ச் சேரும். அங்கே எல்லா அலைகளும் ஒன்றாகக் கலந்து, ஒரே ஆன்டெனா வழியாக ஊருக்குள் பரவும். கடன் கொடுத்த வங்கி இங்கே ஜப்தி செய்ய வந்தால் கழற்றி எடுத்துப்போக என்ன இருக்கிறது? பழைய டிரான்ஸ்மிட்டர், ஸ்டூடியோவின் மிக்ஸர், சில மைக்குகள், கணினிகள், குளிரூட்டிகள். எல்லாம் சேர்ந்தாலும் கடனின் ஓரத்தைக்கூடத் தொடாது.

பெயர் என்பது டிரேட்மார்க். ஜிங்கிளும் அதில் சேர்த்தி. அதை வாங்கலாம், விற்கலாம்.

கடைசியாக ஆட்கள். இவர்களை யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஆனால் அந்த நிலையத்துக்கு மதிப்பு வந்ததே இவர்களால்தான். சென்னையில் 92.7-ல் ஆர்.ஜே. பாலாஜியைக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் அந்த நிலையம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது என்பார். குரல் தெரியும். கம்பெனி தெரியாது.

ஏன் விழுகிறது?

ரேடியோ விற்கும் சரக்கு நேரம். நம் நாட்டில் அதை அளக்கும் படி பத்து வினாடி. அரசு விளம்பரங்களுக்கான அடிப்படை விலையைப் பத்து வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக மத்திய அரசு 2023-ல் உயர்த்தியது. ஊரின் அளவையும் நேயர் எண்ணிக்கையையும் பொறுத்து இது கூடும். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். 72 பத்து வினாடிகள். அடிப்படை விலையில் அத்தனையும் விற்றால் 5,328 ரூபாய். அத்தனையும் விற்றால்தான் அந்தத் தொகை. மத்தியானம் இரண்டு மணிக்கு விற்காமல் போன பத்து வினாடியை எடுத்துவைத்து மறுநாள் விற்க முடியாது. காய்கறிக்காரருக்காவது வாடிய கீரையைப் பாதி விலைக்குத் தள்ளிவிட வழி உண்டு. ரேடியோவுக்கு அதுவும் இல்லை. மணி மூன்று அடித்ததும் அந்தச் சரக்கே இல்லாமல் போய்விடுகிறது.

செலவோ விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். டிரான்ஸ்மிட்டர் இரவு பகலாக மின்சாரம் குடிக்கும். கோபுர வாடகை, பாட்டுக்கு ராயல்டி, சம்பளம், அரசுக்கு அனுமதிக் கட்டணம் எதுவும் நிற்காது. வருமானம் கொஞ்சம் சரிந்தால் லாபம் மொத்தமாகக் காணாமல்போகும் அமைப்பு இது.

இந்தியாவில் அந்த அனுமதிக் கட்டணத்தின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயின் வேர் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. 1999-ல் அறிவித்து 2000-ல் நடந்த முதல் கட்ட ஏலத்தில், 40 நகரங்களுக்கு 108 அலைவரிசைகள் விடப்பட்டன. ஏலத்தொகையை ஆண்டுக் கட்டணமாகக் கட்ட வேண்டும். அதுவும் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டு 100 ரூபாய் கட்டியவர் பத்தாவது ஆண்டு ஏறத்தாழ 352 ரூபாய் கட்ட வேண்டும். விளம்பர வருமானம் அந்த வேகத்தில் ஏறும் என்று எப்படி நினைத்தார்கள்? ஏலம் எடுத்த பலர் நிலையத்தைத் தொடங்கவே இல்லை. 108-ல் இருபதை ஒட்டிய எண்ணிக்கைதான் காற்றில் ஏறியது. ஏறியவையும் நஷ்டத்தில் தத்தளித்தன. பிறகு அமித் மித்ரா தலைமையில் அமைந்த குழு, நிலையான கட்டணத்தை விட்டுவிட்டு வருமானத்தில் பங்கு கேளுங்கள் என்று பரிந்துரைத்தது. 2005-ல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை அதை ஏற்றது. நாம் இன்று கேட்கும் எஃப்.எம். உலகம் அதற்குப் பிறகு முளைத்ததுதான்.

மூன்றாம் கட்டத்தில் பழைய சிக்கல் வேறு உருவில் திரும்பி வந்தது. 2015 ஏலத்தில் டெல்லியின் ஒரு அலைவரிசை மட்டும் 169 கோடி ரூபாய்க்குப் போனது. ஏற்கெனவே நிலையம் நடத்தியவர்களும் அடுத்த 15 ஆண்டுக்கு மாற, பெரும் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தது. கையில் இல்லாதவர்கள் கடன் வாங்கிக் கட்டினார்கள். அதோடு ஆண்டுக் கட்டணத்துக்கு ஒரு விதி: மொத்த வருமானத்தில் 4 சதவீதம், அல்லது ஏலத்தில் ஒரே தடவையாகக் கட்டும் நுழைவுத் தொகையில் 2.5 சதவீதம், இதில் எது அதிகமோ அது. ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். நுழைவுத் தொகை 100 கோடி என்றால் எப்படியும் ஆண்டுக்கு 2.5 கோடி கட்டியே ஆக வேண்டும். வருமானம் 30 கோடிக்குச் சரிந்துவிட்டால் 4 சதவீதக் கணக்குப்படி 1.2 கோடிதான் வரும். ஆனாலும் கட்ட வேண்டியது 2.5 கோடி. வருமானத்தில் பங்கு என்ற பேச்சு நல்ல காலத்துக்கு மட்டும், கெட்ட காலத்தில் நிலையான கட்டணம். இந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. தனியார் எஃப்.எம்.கள் மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்றும் அதே அறிக்கையில் சொன்னது. அப்போதைய விதிப்படி ஆகாசவாணியின் செய்தியை அப்படியே ஒலிபரப்ப மட்டுமே அவர்களுக்கு அனுமதி. காலை நேரத்தில் ஊர் முழுக்கக் காது கொடுக்கும் ஒரு ஊடகத்தின் வாயைக் கட்டிவைத்துவிட்டு அது ஏன் வளரவில்லை என்று கேட்பது நியாயமே இல்லை.

இந்தச் சூழலில் 2020 வந்தது. ஊரடங்கில் கடைகள் மூடின. நகைக்கடை, துணிக்கடை, ரியல் எஸ்டேட், தனியார் கல்லூரி என்று ரேடியோவுக்குச் சோறு போட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

திவால் என்றால் மூடுவது என்று பொருளில்லை

இந்தியாவின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் 2016-ல் வந்தது. ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிலுவை இருந்தால், கடன் கொடுத்தவர் தீர்ப்பாயத்தை அணுகலாம். தீர்ப்பாயம் மனுவை ஏற்ற நொடியில் மூன்று காரியங்கள் நடக்கும். பழைய இயக்குநர் குழுவின் அதிகாரம் பறிபோய், ‘தீர்வு வல்லுநர்’ என்ற ஒருவர் பொறுப்பேற்பார். பழைய கடனுக்காக யாரும் வழக்குப் போடவோ ஜப்தி செய்யவோ முடியாத தடைக்காலம் தொடங்கும். வங்கி போன்ற நிதிக் கடன் கொடுத்தவர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து, கம்பெனியை என்ன செய்வது என்று வாக்களிப்பார்கள். முக்கிய முடிவுகளுக்கு 66 சதவீத வாக்கு வேண்டும்.

தீர்வு வல்லுநருக்குச் சட்டம் இட்டிருக்கும் கட்டளை, கம்பெனியை ஓடும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது. பாட்டு ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு முதல் பதில் இது. ரேடியோவைப் பொறுத்தவரை இதில் ஒரு அவசரமும் இருக்கிறது. ஒரு மாதம் மௌனமாக இருந்த அலைவரிசையை நேயர் மறந்துவிடுவார். காரில் அந்தப் பொத்தானில் வேறு நிலையம் ஏறிவிடும். மௌனமான ரேடியோவை வாங்க வருபவர் வெறும் எண்ணை வாங்குகிறார். பேசிக்கொண்டிருக்கும் ரேடியோவை வாங்குபவர் நேயரையும் சேர்த்து வாங்குகிறார்.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியம். அனுமதி அரசு கொடுத்தது. நீ நொடித்துவிட்டாய், திருப்பிக் கொடு என்று அரசு கேட்டால்? 2019 டிசம்பர் இறுதியில் வந்த சட்டத் திருத்தம் அந்தக் கதவை அடைத்தது. நொடித்துப்போனது என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தையோ அனுமதியையோ அரசு நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ கூடாது. ஒரு நிபந்தனை உண்டு: தடைக்காலத்தில் அந்த அனுமதியைப் பயன்படுத்துவதற்கான நடப்புக் கட்டணத்தை நிலுவையில்லாமல் கட்ட வேண்டும். பழைய பாக்கி வரிசையில் நிற்கட்டும், இன்றைய வாடகையை இன்றே கொடு என்ற ஏற்பாடு. நான் படித்தவரையில் திவால் சட்டத்தில் ரேடியோவுக்கு இதைவிட உயிர்நாடியான வரி வேறு இல்லை.

அதன்பிறகு ஏலம். விருப்பமுள்ளவர்கள் தீர்வுத் திட்டம் கொடுப்பார்கள். கம்பெனியைக் கவிழ்த்த பழைய முதலாளி சாதாரணமாக இதில் போட்டியிட முடியாது; சட்டத்தின் 29ஏ பிரிவு தடுக்கிறது. கடன் கொடுத்தவர் குழு ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டால் கம்பெனி புதிய கைக்குப் போகும். வாங்கியவர் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் ஒப்புதலையும் பெற வேண்டும். வழக்குகளையும் சேர்த்து 330 நாளுக்குள் இதெல்லாம் முடிய வேண்டும் என்கிறது சட்டம்.

பிக் எஃப்.எம். விஷயத்தில் இது எப்படி முடிந்தது என்று பார்த்தால், தாமதத்தின் விலை புரியும். 2019 மே மாதம், ரேடியோ சிட்டியை நடத்தும் மியூசிக் பிராட்காஸ்ட் நிறுவனம் இதே கம்பெனியை வாங்கப்போவதாக அறிவித்தது. பேசிய மதிப்பு 1,050 கோடி ரூபாய். அமைச்சகத்தின் ஒப்புதல் வரவில்லை. 2020-ல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மூன்றாண்டு கழித்து தீர்ப்பாயம். ரேடியோ மிர்ச்சியை நடத்தும் நிறுவனம் உள்ளிட்ட சிலர் போட்டியிட்டதில் சஃபையர் மீடியா என்ற நிறுவனம் சுமார் 261 கோடிக்கு வென்றது. 2024 மே மாதம் தீர்ப்பாயம் அதற்கு ஒப்புதல் தந்தது. தொடக்கத்திலிருந்து எண்ணினால் பதினான்கு மாதங்களுக்கு மேல். சட்டம் சொன்ன 330 நாள் எப்போதோ கடந்துவிட்டது. 1,050 எங்கே, 261 எங்கே! இரண்டும் ஒரே மாதிரி கணக்கிட்ட தொகைகள் அல்ல, அப்படியே கழித்துப் பார்ப்பது சரியாகாது. ஆனாலும் ஐந்தாண்டில் ரேடியோவைப் பற்றிச் சந்தை வைத்திருந்த மதிப்பு எவ்வளவு இறங்கியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி விழுகிறார்கள்

அங்கே ரேடியோ கம்பெனிகள் விழுந்தது பெரும்பாலும் கடனால் மட்டுமே. நிலையங்கள் தனித்தனியாகப் பார்த்தால் பணம் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தன. 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. அதுவரை வரம்பு 40. கிளியர் சேனல் என்ற நிறுவனம் சில ஆண்டுகளில் 1,200 நிலையங்களைத் தாண்டியது. 2008-ல் பெயின் கேப்பிட்டல், தாமஸ் எச். லீ என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் அதை வாங்கின. வாங்கிய விதத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவர் உங்கள் வீட்டை வாங்குகிறார். வாங்குவதற்கான கடனை உங்கள் வீட்டின் பெயரிலேயே எழுதிவைத்துவிடுகிறார். வட்டியை வீட்டு வாடகையிலிருந்து கட்டிக்கொள் என்கிறார். அதுதான் நடந்தது. ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் பத்தாண்டு வட்டி கட்டிக் களைத்து, சுமார் 2,000 கோடி டாலர் கடனோடு 2018 மார்ச்சில் திவால் நீதிமன்றப் படியேறியது.

அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தில், பழைய நிர்வாகமே நீதிமன்றக் கண்காணிப்பில் கம்பெனியை நடத்தலாம். இதில் ஒரு சுவையான நடைமுறை உண்டு. நிலைய உரிமம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறினால் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். கம்பெனி திவால் மனு கொடுத்ததும் சட்டப்படி அது வேறு ஒரு ஆளாகிவிடுகிறது. எனவே தன்னிடமிருந்து தனக்கே உரிமத்தை மாற்றித்தரச் சொல்லி ஒவ்வொரு நிலையத்துக்கும் விண்ணப்பம் போட வேண்டும். வழக்கு முடிந்து வெளியே வரும்போது மறுபடி விண்ணப்பம்.

ஐஹார்ட் 2019 மே மாதம் 1,000 கோடி டாலருக்கும் மேல் கடனைக் கழித்துவிட்டு வெளியே வந்தது. எப்படிக் கழித்தது? கடன் கொடுத்தவர்கள் பாக்கிக்குப் பதிலாகக் கம்பெனியின் பங்குகளை எடுத்துக்கொண்டார்கள். நேற்றைய கடன்கொடுத்தவர் இன்றைய முதலாளி. ஏறக்குறைய 850 நிலையங்களும் வழக்கம்போல் ஓடின. எட்டே மாதத்தில், 2020 ஜனவரியில், நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சிற்றூர் நிலையங்களில் பல ஆண்டுகளாகக் காலை நிகழ்ச்சி நடத்தியவர்களின் இடத்தில், வேறு நகரத்திலிருந்து பதிவுசெய்த குரல் வந்து உட்கார்ந்தது.

இன்னொரு கதையை நான் இன்னும் கூர்ந்து பார்த்தேன். ஆடஸி என்ற நிறுவனம் 2024 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. கடன் 190 கோடி டாலர். அதை 35 கோடியாகக் குறைத்து, அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஆணையத்தின் ஒப்புதலோடு வெளியே வந்தது. புதிய உரிமையாளர்களில் பெரியவர், முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸின் நிதி நிறுவனம். இந்த இடைவெளியில் ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கில் ஒன்று நடந்தது. ஆடஸியின் கையிலிருந்த டபிள்யூசிபிஎஸ் 880, 1967-லிருந்து முழுநேரச் செய்தி நிலையம். எட்டில் முடியும் ஒவ்வொரு நிமிடமும், 8.08, 8.18, 8.28 என்று, போக்குவரத்தும் வானிலையும் சொல்லும். பாலத்தில் நெரிசலா, பனி கொட்டுமா என்று தெரிந்துகொள்ள மூன்று தலைமுறை அதைக் கேட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பியது. 2024 ஆகஸ்ட் 25 இரவோடு அது முடிந்தது. மறுநாளிலிருந்து அதே 880-ல், அதே 50,000 வாட் வலுவில், ஈஎஸ்பிஎன் விளையாட்டுப் பேச்சு. நிலையத்தின் அழைப்புக் குறியீடும் மாறியது. அரசின் பதிவேட்டில் எதுவும் குறையவில்லை. உரிமம் உயிரோடு இருக்கிறது, கோபுரம் நிற்கிறது, அலை போகிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஸ்டேஷன் செத்துப்போனது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

யாரும் வாங்க வராத நிலையமும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு நிலையம் தொடர்ந்து 12 மாதம் மௌனமாக இருந்தால் உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும். வாங்க ஆள் தேடிக்கொண்டிருக்கும் உரிமையாளர், பதினோராவது மாதக் கடைசியில் டிரான்ஸ்மிட்டரைத் தூசிதட்டி, சில நாள் மட்டும் எதையாவது ஒலிபரப்பிவிட்டு மறுபடி அணைப்பது அங்கே பழகிப்போன காட்சி. கேட்க யாரும் இல்லாத ஒலிபரப்பு. உரிமத்தின் மூச்சை மட்டும் பிடித்துவைப்பதற்காக.

வரிசையில் யார் எங்கே நிற்கிறார்கள்

நம் ஊருக்கு வருவோம். தீர்வு கிடைக்காமல் கம்பெனியைக் கலைத்துவிட நேர்ந்தால், வரும் பணம் யார் யாருக்கு எந்த வரிசையில் போகும் என்பதைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் திவால் நடைமுறையின் செலவு. அடுத்து, ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும் ஒரே படியில். அதற்குக் கீழே மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பிறகு ஈடு இல்லாத நிதிக் கடன்கள், அரசு பாக்கி. அதற்கும் கீழேதான் மீதிப் பேர்.

ரேடியோவில் குரலாக இருப்பவர்களில் பலர் எங்கே நிற்பார்கள் தெரியுமா? பல நிலையங்களில் ஆர்.ஜே.க்கள், எழுத்தாளர்கள், குரல் கலைஞர்கள் சம்பளப் பட்டியலில் இருப்பதில்லை. ஒப்பந்த அடிப்படையில், மாதாமாதம் பில் கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஊழியர்களே அல்ல. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவர், தண்ணீர் கேன் போட்டவரோடு சேர்ந்து ‘செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர்கள்’. ஊரே அடையாளம் காணும் ஒரு குரலுக்கு வரிசையின் கடைசியில் இடம். இது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத ஏற்பாடு.

இந்த நிலையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திவால் நடைமுறை தொடங்கியதும் பத்திரிகையில் பொது அறிவிப்பு வரும். அதில் சொல்லியிருக்கும் கடைசித் தேதிக்குள், பொதுவாகப் பதினான்கு நாளில், பாக்கியை எழுத்தில் கேட்க வேண்டும். ஊழியர் என்றால் டி படிவம், பில் கொடுப்பவர் என்றால் பி படிவம். தவறவிட்டால் தொண்ணூறு நாள் வரை வழி உண்டு. ஆபீஸில் எல்லோருக்கும் தெரியுமே, எழுதிக் கேட்கவேண்டுமா என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கேட்காத பாக்கி, தீர்வுத் திட்டம் ஒப்புதலானதும் சட்டப்படி இல்லாமலேயே போய்விடும். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதியில் மட்டும் கடன் கொடுத்தவர்கள் கைவைக்க முடியாது. விளம்பரத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு ஒலிபரப்பாகாமல் மாட்டிக்கொண்ட கடைக்காரரும் பி படிவம்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எந்தப் படிவத்திலும் இடம்பெறாதது. பதினைந்து இருபது ஆண்டு ஓடிய ஒரு நிலையத்தின் ஹார்ட் டிஸ்க்குகளில் என்னென்ன இருக்கும்? பாட்டுகளை விடுங்கள், அவை வேறு எங்கும் கிடைக்கும். வெள்ளம் வந்த ராத்திரியில் நேயர்கள் போன் செய்து எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று சொன்னது. நள்ளிரவு நிகழ்ச்சியில் பெயர் சொல்லாமல் அழுதவர்கள். இன்று உயிரோடு இல்லாத பாடகர்கள் ஒரு மணி நேரம் நிதானமாகப் பேசிய பேட்டிகள். தீர்வு வல்லுநரின் சொத்துப் பட்டியலில் இதெல்லாம் ‘கணினி உபகரணங்கள்’ என்ற வரிக்குள் அடங்கிவிடும். ஸ்டூடியோவைக் காலி செய்யும்போது எடைக்குப் போனாலும் போகும். அலைவரிசையைக் காப்பாற்ற ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவர முடிந்தது. ஒலிப்பதிவுகளை ஒரு ஆவணக்காப்பகத்திடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஸ்டூடியோவைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்வுத் திட்டத்தில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. அது வரும்வரை, உங்கள் வீட்டில் பழைய எஃப்.எம். நிகழ்ச்சியைப் பதிவுசெய்த கேசட்டோ, எப்போதோ போனில் பிடித்துவைத்த ஒலிக்கோப்போ இருந்தால் அழித்துவிடாதீர்கள். அந்த நிகழ்ச்சியின் மிச்சமிருக்கும் ஒரே பிரதி அதுவாக இருக்கக்கூடும்.